சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி

இலக்கியக் கூட்டப் படங்களில் எழுத்தாளர்கள் ஏன் எப்போதும் திடுக்கிட்டவர்களைப் போலவே தெரிகிறார்கள்? நெற்றியில் எண்ணெய்ப் பளபளப்பு, பின்சுவரில் கரிய நிழல். குற்றம் முகத்தினுடையதன்று; லென்ஸுக்கு அருகிலிருந்து நேராகப் பாயும் ஃபிளாஷினுடையது. பின்னாளில் அஞ்சலிக் குறிப்புகளுக்குப் பெரும்பாலும் இந்தப் படங்களே எஞ்சுகின்றன என்பதால், இதைச் சிறு விஷயமென்று ஒதுக்க என்னால் இயலவில்லை.

இன்றைய டிஜிட்டல் காமிராக்களில் ஐ.எஸ்.ஓ. 6400இலும் தெளிவாக எடுக்கலாமே, ஃபிளாஷ் எதற்கு என்பார்கள். ஒளியின் அளவுக்கு அது பதில், திசைக்கு அல்ல. கூரையிலிருந்து விழும் விளக்கொளி கண்குழிகளை இருட்டாக்கும். ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டினாலும் அந்த இருட்டு முகத்தோடு ஒட்டிக்கொண்டே வரும். தலை திரும்பக்கூடிய வெளி ஃபிளாஷைக் காமிராவின் மேல் பொருத்தி, பக்கத்து வெள்ளைச் சுவரை நோக்கித் திருப்புங்கள். சுவரே ஒரு பெரிய சாளரமாகிவிடும். மூக்குக்கும் கன்னத்துக்கும் வடிவம் வரும். இழப்பு ஒளியில்தான். தொலைவு இருமடங்கானால் ஒளி கால்பங்காகும் (சுவருக்குப் போய்த் திரும்பும் தூரமும் கணக்கில் சேரும்). ஆகவே ஐ.எஸ்.ஓ.வை 800க்காவது உயர்த்த வேண்டியிருக்கும். ஷட்டர் வேகம் பொதுவாக 1/200 நொடியைத் தாண்டாதிருக்கட்டும். தாண்டினால் பல காமிராக்களில் படத்தின் ஒரு பகுதி கறுத்துவிடும்.

பரணிலிருந்து பிலிம் காலத்து ஃபிளாஷை எடுத்து மாட்டுபவர்கள் கவனிக்க: அவற்றுள் சிலவற்றின் தூண்டு மின்னழுத்தம் 200 வோல்ட்டைத் தாண்டும். டிஜிட்டல் காமிராவின் மின்சுற்று அதைத் தாங்காமல் போகலாம்.

நம் மண்டபங்களின் பச்சை, நீலச் சுவர்கள் இன்னொரு தொல்லை. பேச்சாளரும் பச்சையாகிவிடுவார். அங்கே கூரை பெரும்பாலும் வெள்ளைதான். ஃபிளாஷின் தலையைச் சற்றே பின்புறம் சாய்த்து அதில் அடிக்கலாம்.