கப்பலின் பின்னால் ஒரு பட்டுத்துணி

2018ஆம் ஆண்டு நடுப்பகுதியில் ‘டொக்டர் பிரிட்ஜோவ் நான்சன்’ என்ற ஆய்வுக் கப்பல் ஐ.நா. கொடியுடன் இலங்கைக் கடலுக்கு வந்தது. மட்டக்குளி காக்கைத்தீவில் இருக்கும் நீர்வள ஆய்வு நிறுவனமான நாராவின் ஆய்வாளர்களும் அதில் ஏறினார்கள். மீன்வளம், நீரின் வெப்பம், உவர்ப்பு, நீரில் மிதக்கும் சிற்றுயிர்களான பிளாந்தன் என்று பலவற்றையும் அளந்தார்கள். அதே பெயர் தாங்கிய முந்தைய கப்பல் இங்கே வந்து அளந்தது 1978–80இல். இடையில் ஏறத்தாழ 40 ஆண்டுகள். இந்த இடைவெளிதான் என்னை உறுத்துகிறது.

அந்தப் பெயருக்குரிய நோர்வேக்காரரை அகதிகளுக்கு வழங்கப்பட்ட ‘நான்சன் கடவுச்சீட்டு’ மூலம் நம்மில் சிலர் அறிவோம். படிப்பால் அவர் விலங்கியலாளர். 1893இல் ‘ஃபிராம்’ கப்பலை வட துருவப் பனிக்கட்டிக்குள் வேண்டுமென்றே உறையவிட்டு, அதோடு மிதந்து போனார். கோடையில் பனிக்கட்டியின் மேல் தேங்கிய குட்டைகளின் நீரை நுணுக்குக்காட்டியில் வைத்தபோது, தயற்றங்களும் வேறு ஒருகல உயிர்களும் தெரிந்தன. அவற்றைப் படமாக வரைந்தும் வைத்தார்.

துருவக் கடலின் வாழ்வு முழுவதும் இந்தச் சிற்றுயிர்களின் மேல்தான் நிற்கிறது. நீண்ட இருட்டுக்குப் பின் சூரியன் திரும்பியதும், பனிக்கட்டியின் அடிப்புறத்தில் ஒட்டியிருக்கும் பாசி பெருகுகிறது. தென் துருவக் கடலில் அதை இறால் போன்ற கிறில் தின்கிறது. கிறிலைத் திமிங்கிலம் தின்கிறது. செத்ததையும் கழிந்ததையும் பற்றீரியா சிதைத்து மறுபடி உரமாக்குகிறது. தென் சமுத்திரத்தில் எஞ்சும் அந்த உரம் மேற்பரப்புக்குக் கீழே வடக்கு நோக்கி நகர்கிறது. தெற்கு அகலக்கோடு 30 பாகைக்கு வடக்கே உள்ள கடல்களின் உயிர் உற்பத்தியில் நான்கில் மூன்று பங்குவரை இந்த ஊட்டத்தால்தான் நடக்கிறது என்று 2004இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு கணித்தது. வெள்ளவத்தைச் சந்தையில் நாம் விலை பேசி வாங்கும் நெத்தலி வளரும் கடலும் அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது.

துருவத்துக்குப் போனவர்களில் இன்னொருவரிடமும் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஆங்கிலேய விலங்கியலாளர் அலிஸ்டர் ஹார்டி 1925இல் ‘டிஸ்கவரி’ கப்பலில் அந்தாட்டிக் கடலுக்குப் போனார். பிளாந்தன் கடலில் சீராகப் பரவியிருப்பதில்லை. ஓரிடத்தில் வலை நிறையும். சற்றுத் தள்ளிப் போட்டால் வெறுமையாக வரும். அதை அறிய, ஓடும் கப்பலின் பின்னால் கட்டி இழுக்கும் கருவியொன்றை அவர் செய்தார். ஒரு மீற்றர் அளவான உலோகக் கூடு, முகப்பில் 1.27 சென்ரிமீற்றர் சதுரத் துவாரம். உள்ளே புகும் நீர் பட்டுத்துணியினூடாக வடிய, பிளாந்தன் துணியில் தங்கும். இன்னொரு பட்டு வந்து அதன்மேல் மூடும். வாலில் சுழலும் விசிறி இரண்டையும் சேர்த்துச் சுருட்டி, கெடாமல் காக்கும் போமலின் தொட்டிக்குள் அனுப்பும். கரையில் சுருளை விரித்தால், எந்தக் கடல்மைலில் எந்த உயிர் இருந்தது என்று வரிசையாகப் பார்க்கலாம்.

1931இல் ஹல் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட வர்த்தகக் கப்பல்கள் இதை இழுக்கத் தொடங்கின. இன்றும் இழுக்கின்றன. வடகிழக்கு அத்திலாந்திக்கில் வெப்பநீர்க் கோபிபொட்டுகள், அதாவது இறாலுக்கு உறவான சிற்றுயிர்கள், 40 ஆண்டுகளில் சுமார் 10 பாகை வடக்கே நகர்ந்துவிட்டதை அந்தப் பட்டுச் சுருள்கள்தான் காட்டின. 1991 முதல் அவுஸ்திரேலியர்கள் முன்னின்று தென் சமுத்திரத்திலும் இதைச் செய்கிறார்கள்.

நம் பக்கம் வருவோம். 2021 மே மாதம் ‘எக்ஸ்பிரஸ் பேர்ள்’ என்ற சரக்குக் கப்பல் கொழும்புக்கு வெளியே தீப்பற்றியது. சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் குருணையை அது சுமந்து வந்திருந்தது. வெள்ளவத்தையில் ரயில் பாதையோரக் கற்களுக்கிடையே அந்தப் பருப்பளவு வெள்ளைக் குருணைகளைப் பொறுக்கியது எனக்கு நினைவிருக்கிறது. செத்து ஒதுங்கிய ஆமைகளை எண்ணினோம். பிளாந்தனுக்கும் மீன் முட்டைக்கும் கரையொதுங்கப் பிணம் இல்லை. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், கப்பல் தரப்பு 100 கோடி டொலர் இழப்பீடு செலுத்த உத்தரவிட்டது. அப்படியொரு தொகையைக் கேட்கும் நாடு, தன் கடலில் முன்பு என்ன இருந்தது என்ற கணக்கை ஆண்டாண்டாகக் கையில் வைத்திருக்க வேண்டும். ஒருமுறை அள்ளிய நீர் அந்த ஒரு நாளைத்தான் சொல்லும்.

ஹார்டியின் கருவிக்குத் தனி ஆய்வுக் கப்பல் தேவையில்லை. போகிற கப்பல் போதும். அதற்குக் கொழும்பில் பஞ்சமே இல்லை. வந்துபோகும் கப்பல்களில் ஒன்றிரண்டு இந்தக் கூட்டை மாதந்தோறும் இழுத்து வந்தால், துணியில் ஒட்டியதை இனம்பிரித்து எண்ண நம் பிள்ளைகளைப் பழக்கலாம். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்! பொறுமையும் கூரிய கண்ணும் கேட்கும் வேலை இது. சம்பளத்தோடு செய்ய வேண்டிய வேலையும்கூட. துறைமுக அதிகார சபையும் நாராவும் ஒரு பல்கலைக்கழகமும் ஒரே மேசையில் உட்கார்ந்தால், இந்த ஆண்டே தொடங்கலாம்.