ஆடத் தெரிந்தவனுக்கு அணியை நடத்தத் தெரியாதா?

'விளையாட்டில் ஏது சாதி?' என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ஆடி ஓய்ந்த பிறகு யார் பயிற்சியாளர் ஆகிறார்கள்?

ஒடுக்கப்பட்டவனின் உழைப்புக்குக் கைதட்டச் சாதிச் சமூகம் தயங்குவதில்லை. ஆனால் பயிற்சியாளர் என்பவர் கட்டளையிடுபவர். யார் ஆடுவது, யார் வெளியே உட்காருவது என்று முடிவெடுப்பவர். அந்த இடம் என்று வந்ததும் 'தகுதி' பேச ஆரம்பித்துவிடுவார்கள். தோல் வேலை செய்யும் சாதியில் பிறந்த பல்வங்கர் பாலு, 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் எடுத்தார். இந்துக்கள் அணியின் கேப்டன் பதவியை மட்டும் அவருக்குக் கடைசிவரை தரவில்லை.

கால்பந்தில் இந்தச் சுவரில் கொஞ்சமாவது ஓட்டை போட்டது யாருடைய பெருந்தன்மையும் அல்ல, அரசு வேலை. வி.பி. சத்யனை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணூர்க்காரர், டிஃபென்டர். 1990, 1991 ஃபெடரேஷன் கோப்பைகளை வென்ற கேரளா போலீஸ் அணியில் ஆடியவர். இந்திய அணிக்கும் கேப்டனாக இருந்தார். பிறகு சென்னைக்கு வந்து இந்தியன் வங்கிக்கு ஆடினார். அங்கேயே பயிற்சியாளரும் ஆனார். 2006இல், 41 வயதில், அவர் வாழ்க்கை துயரமாக முடிந்தது. நான் இங்கே பேசுவது அவருடைய சாதியை அல்ல, அவர் நடந்து வந்த பாதையை. திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற ஐ.எம். விஜயனைத் தூக்கிவிட்டதும் அதே போலீஸ் வேலைதான். முட்டி போனாலும் சம்பளம் வரும். ஆட்டம் முடிந்த பிறகும் மைதானத்தில் நிற்கலாம். ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி என்று தமிழ்நாட்டுக் கால்பந்து நின்றதே இந்தத் தூண்களில்தான்.

2014இல் ஐ.எஸ்.எல். வந்தது. முதலாளிகளின் அணிகள், ஒப்பந்த வீரர்கள். அதில் ஓர் இந்தியர் நிரந்தரத் தலைமைப் பயிற்சியாளர் ஆக 2021 வரை ஆனது. அவர் காலித் ஜமீல். இந்தியருக்கே இதுதான் நிலை என்றால், சேரிப் பையனுக்கு?

நான் ஏலகிரிக்காரன். மலைக்குக் கீழே வாணியம்பாடி, ஆம்பூர். உலகத்துக்கு ஷூ தைத்துக் கொடுக்கும் ஊர்கள்; அந்தத் தோல் தொழிற்சாலைகளில் உழைப்பவர்களில் பெரும்பாலோர் தலித்துகளும் முஸ்லிம்களும். ஷிஃப்ட் முடித்துவிட்டு ஆட வரும் ஒரு டிஃபென்டர் பயிற்சியாளராக வேண்டுமென்றால் லைசென்ஸ் வேண்டும். டி, சி, பி, ஏ, ப்ரோ என்று ஐந்து படிகள். படிக்குப் படி கட்டணம், பயணம், லீவு. முகாமுக்குப் போகும் நாளெல்லாம் கூலி போச்சு. 'தகுதி இல்லை' என்பவர்களின் கணக்கில் இந்தக் கூலி வருவதே இல்லை. பணம் இருப்பவனிடம் இருக்கும் சான்றிதழுக்குத்தான் இவர்கள் தகுதி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

அதனால்தான் 'ஏழை வீரனுக்கு உதவுங்கள்' என்ற பரிதாபப் பேச்சு எனக்கு வேண்டாம். கேட்பது உரிமை. விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைகள் ஒப்பந்தமாக அல்ல, நிரந்தரமாக வேண்டும். லைசென்ஸ் கட்டணத்தோடு இழக்கும் கூலியையும் அரசே தரவேண்டும். ஆதிதிராவிடர் நலப் பள்ளி, பழங்குடியினர் உறைவிடப் பள்ளி ஒவ்வொன்றிலும் கால்பந்துப் பயிற்சியாளர் பணியிடம் வேண்டும். அந்த நியமனத்தில் இடஒதுக்கீடு வேண்டும்.

நூறாண்டுகளாகக் கைதட்டியது போதும். இனி விசிலைக் கொடுங்கள்.