திரைக்குப் பின்னால்: டவுன் ஹால் மேடையில் இனி என்ன?

நாடகம் பார்க்கப் போகிறவர்களில் இரண்டு வகையினர் உண்டு. படுதா மேலே போனதும் ராஜாவையும் ராணியையும் கண்டு ஆனந்தமடைகிறவர்கள் ஒரு வகை. படுதா மேலே போகக் கால் மணி தாமதமானால், "உள்ளே என்ன சங்கடமோ?" என்று எட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் மற்றொரு வகை. இந்தப் பகுதியை விடாமல் படித்து வரும் நேயர்கள் இரண்டாவது வகையைச் சேர்ந்தவர்கள் என்பது நமது நெடுநாளைய அபிப்பிராயம். ஆகையால், இவ்வாரம் அவர்களைச் சென்னையின் மிகப் பழைய நாடக மண்டபங்களில் ஒன்றின் பின்பக்கத்துக்கே அழைத்துச் செல்ல உத்தேசித்திருக்கிறோம்.

ஸென்ட்ரல் ஸ்டேஷனுக்கும் ரிப்பன் கட்டடத்துக்கும் அருகில் செங்கல் நிறத்துடன் நிற்கிறதே, விக்டோரியா பப்ளிக் ஹால், அதைத்தான் சொல்கிறோம். விக்டோரியா ராணியின் பெயரை அதற்கு வைத்தார்கள். ஜனங்களோ "டவுன் ஹால்" என்றே அழைத்தார்கள். பெயர் வைப்பது ஸர்க்காரின் உரிமை. அழைப்பது ஜனங்களின் உரிமை அல்லவா? 1883-ம் வருஷத்தில் விஜயநகரம் மஹாராஜா அஸ்திவாரக் கல் நாட்டினார். சிஷோம் என்ற சிற்பி படம் வரைந்து கொடுக்க, நம்பெருமாள் செட்டியார் கட்டி முடித்தார். பணம் கொடுத்தவர்களிலும் உழைப்புக் கொடுத்தவர்களிலும் பெரும்பாலோர் நம் நாட்டார். பெயர் மட்டுமே சீமையிலிருந்து வந்தது.

அந்த மண்டபத்தில்தான் 1897-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில், மேல் நாட்டிலிருந்து திரும்பி வந்த சுவாமி விவேகானந்தர், இந்நாட்டில் தாம் செய்ய நினைத்திருக்கும் வேலை இன்னதென்று பிரசங்கம் செய்தார். அதற்குச் சில மாதங்களுக்கு முன், 1896-ம் வருஷக் கடைசியில், அசையும் படம் என்னும் புதுமையையும் சென்னை ஜனங்கள் அங்கேதான் கண்டு வாய் பிளந்தார்கள். நாடகத்தைப் பிற்காலத்தில் விழுங்கப் போகிற குழந்தையை நாடக மண்டபமே தொட்டிலிட்டு வரவேற்றது! ஆனால், டவுன் ஹாலின் உண்மையான பெருமை பிரசங்கத்தாலும் வரவில்லை, படத்தாலும் வரவில்லை. ஒரு பதினெட்டு வயதுப் பையனால் வந்தது.

கூத்தும் கனவான்களும்

1891-ம் வருஷத்தில் பெல்லாரி கிருஷ்ணமாச்சார்லு என்பவர் தம்முடைய ஸரஸ விநோதினி ஸபையாருடன் சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்கள் நடத்தினார். அந்த ஸபையில் நடித்தவர்கள் படித்தவர்கள். கௌரவமான உத்தியோகங்களில் இருந்தவர்கள். அதைப் பார்த்தவர்களில் ஒருவர் பம்மல் சம்பந்தம். தமிழ் நாடகம் என்றாலே அதுவரையில் வெறுப்புக் கொண்டிருந்த அந்தப் பிள்ளைக்கு, "தெலுங்கில் முடிந்தது தமிழில் ஏன் முடியாது?" என்ற கேள்வி எழுந்தது. அதே வருஷம் ஜூலை மாதம் முதல் தேதி, நண்பர்கள் சிலரைச் சேர்த்துக் கொண்டு ஸுகுண விலாஸ ஸபையைத் தொடங்கினார்.

அக்காலத்தில் நடிப்பவர்களைக் "கூத்தாடி" என்பார்கள். அந்த வார்த்தையில் மரியாதை துளியும் கிடையாது. கூத்தாடிக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள். திண்ணையில் இடம் கொடுக்கவும் யோசிப்பார்கள். அப்படிப்பட்ட மேடையில் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் அரிதாரம் பூசி ஏறினார்கள் என்றால், அது சாமான்யமான துணிச்சல் அன்று. சம்பந்த முதலியாரே வக்கீலாகிப் பிறகு ஸ்மால் காஸ் கோர்ட்டில் நீதிபதியாக அமர்ந்தவர். ஸி. ரங்கவடிவேலு என்ற வக்கீல் பெண் வேஷங்களில் பெயர் பெற்றார். தேசத் தொண்டர் ஸ்ரீ ஸத்தியமூர்த்தி இந்த ஸபையின் "மனோகரன்" நாடகத்தில் நடித்தவர். நாடக மேடையின் சக்தியை உள்ளே நின்று அறிந்தவராகையால்தான், ஸ்ரீமதி கே. பி. சுந்தராம்பாளையும் ஸ்ரீ கிட்டப்பாவையும் காங்கிரஸ் மேடைக்கு அழைத்து வர அவருக்குத் தோன்றியது போலும்!

படுதாவுக்குப் பின்னே நடந்த புரட்சி

ஸபையின் புரட்சியை ஜனங்கள் முன்பக்கத்தில் கண்டார்கள். ஆனால் அது நடந்தது பின்பக்கத்தில். அதன் பெயர் ஒத்திகை.

அக்காலத்துக் கம்பெனி நாடகம் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பித்து விடியற்காலையில் முடியும். பாட்டுக்குப் பாட்டு "ஒன்ஸ் மோர்" கிளம்பும். செத்து விழுந்த அரிச்சந்திரன் மகன் எழுந்திருந்து மறுபடியும் பாடிவிட்டுச் சாவான். சம்பந்த முதலியார் இதற்கு நேர் விரோதமான வழியை எடுத்துக் கொண்டார். நாடகம் முழுவதும் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். வசனத்துக்கு முதல் இடம். நடிகன் தன் பங்கை மட்டுமல்ல, எதிரே நிற்பவனுடைய பங்கையும் அறிந்திருக்க வேண்டும். குறித்த நேரத்தில் படுதா தூக்க வேண்டும். இவைதான் விதிகள். இன்று கேட்பதற்குச் சாதாரணமாகத் தோன்றுகின்றன. எந்தப் புரட்சியும் வெற்றி பெற்ற பின்னர் சாதாரணமாகத்தான் தோன்றும்.

நேயர்கள் பின்பக்கத்துக்கு வந்திருப்பதால் ஒரு தொழில் இரகசியத்தையும் சொல்லி விடுகிறோம். பழைய நாடகங்களில் தர்பார்க் காட்சி முடிந்ததும், முன் படுதாவை இறக்கி விட்டு அதற்கு முன்னால் இரண்டு சேவகர்களோ ஒரு விதூஷகனோ வந்து பேசிச் சிரிக்க வைப்பார்கள் அல்லவா? "இந்த இடத்தில் ஹாஸ்யம் எதற்கு?" என்று சிலர் கேட்பதுண்டு. அந்தச் சமயத்தில் படுதாவுக்குப் பின்னால் சிங்காதனத்தைத் தூக்கிக் கொண்டு போய், நந்தவனத்தைக் கொண்டு வந்து நிறுத்திக் கொண்டிருப்பார்கள். அந்த வேலை முடியும்வரையில் விதூஷகன் பேசியே ஆகவேண்டும். கெட்டிக்கார ஆசிரியர் அந்தப் பேச்சையும் கதையோடு ஒட்டி எழுதுவார். மற்றவர் விதூஷகனுடைய வாய்க்கு விட்டு விடுவார். நாடகாசிரியரின் தரத்தை அளக்க இதைவிட நல்ல முழக்கோல் நமக்குத் தெரியவில்லை.

இம்முறையில் சம்பந்த முதலியார் எழுதிய நாடகங்கள் தொண்ணூறுக்கு மேல். ஷேக்ஸ்பியரின் "ஹாம்லெட்" "அமலாதித்யன்" ஆயிற்று. "மாக்பெத்" "மகபதி" ஆயிற்று. வெனிஸ் வர்த்தகன் "வாணீபுர வணிகன்" ஆனான். 1895-ல் மேடையேறிய "மனோகரன்" தமிழ் நாட்டில் நடிக்கப்படாத ஊர் அபூர்வம். கடல் கடந்து இலங்கையிலும் ஸபையார் நடித்தார்கள். ஈழத்து நாடகத்துக்குப் புத்துயிர் தந்த கலையரசு சொர்ணலிங்கம் அவர்கள் சம்பந்த முதலியாரையே தம் குருவாகக் கொண்டார்.

மறுபக்கத்துக்கும் நியாயம்

இவ்வளவு சொன்ன பிறகு, ஒத்திகையே இல்லாத ஒரு நாடக முறையைப் பற்றியும் சொல்லாமற் போனால் தர்மமாகாது. "ஸ்பெஷல் நாடகம்" என்பது அதுதான். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார். ஹார்மோனியக்காரர் மூன்றாவது ஊரிலிருந்து வருவார். சந்திப்பதே அன்று மாலையில்தான். ஆயினும் "வள்ளி திருமணம்" விடியும்வரை தடங்கலின்றி நடக்கும். எப்படி? சங்கரதாஸ் சுவாமிகள் அமைத்துக் கொடுத்த பாட்டும் தர்க்கமும் எல்லோர் நெஞ்சிலும் பதிந்திருப்பதால்தான். மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் இன்றைக்கும் அதைக் காணலாம்.

ஆகவே, அங்கேயும் ஒத்திகை இல்லாமலில்லை. ஒரு மாதத்து ஒத்திகைக்குப் பதிலாக ஓர் ஆயுட்காலத்து ஒத்திகை இருக்கிறது. இரண்டும் இல்லாத நாடகம்தான் நாம் அஞ்ச வேண்டிய நாடகம்.

ஒத்திகைக்கு வந்த போலீஸார்

பின்பக்கத்தில் அழையா விருந்தாளி ஒருவரும் இருந்தார். 1876-ம் வருஷத்தில் ஆங்கில ஸர்க்கார் நாடகச் சட்டம் ஒன்று செய்தார்கள். ராஜத் துவேஷம் உண்டாக்கக் கூடியது என்று தோன்றிய நாடகத்தைத் தடுக்க அதனால் அதிகாரம் கிடைத்தது. வெ. சாமிநாத சர்மாவின் "பாணபுரத்து வீரன்" அப்படித் தடுக்கப்பட்ட நாடகங்களில் ஒன்று. டி. கே. எஸ். சகோதரர்கள் அதையே "தேசபக்தி" என்ற பெயரில் மேடையேற்றினார்கள். பெயரை மாற்றினால் வீரம் குறைந்து விடுமா?

அந்நிய ஸர்க்கார் போனது. ஆனால் சட்டம் போகவில்லை. சென்னை ராஜ்யத்தில் 1954-ல் அதே மாதிரி வேறொரு நாடகச் சட்டமும் பிறந்தது. நாடக வசனத்தைப் போலீஸாரிடம் கொடுத்து அநுமதிக்குக் காத்து நிற்கும் வழக்கம் சுதந்திரம் வந்து அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் இருந்தது. எழுத்தாளரும் நாடகக்காரருமான ஞாநி வழக்குத் தொடர்ந்ததன் பேரில், 2013-ல் சென்னை ஹைகோர்ட் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாவென்று தீர்ப்பளித்தது. 1876-ம் வருஷத்துச் சட்டத்தையும் பார்லிமெண்டு பிற்பாடு ரத்துச் செய்து விட்டது. ஆகவே, இப்போது ஒத்திகை பார்க்க வருகிறவர் நடிகருடைய நண்பராகத்தான் இருப்பார்.

மேடை இருக்கிறது, ஸபை எங்கே?

ஸுகுண விலாஸ ஸபை பிற்பாடு டவுன் ஹாலை விட்டு மவுண்ட் ரோடுக்குக் குடிபோயிற்று. இன்றும் அங்கே இருக்கிறது. ஆனால் அங்கத்தினர்கள் கூடிப் பொழுது போக்கும் கிளப்பாக இருக்கிறது. இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. மேடையில் ஏறும் ஆசையுள்ள பிள்ளைகள் வராவிட்டால் ஸபை என்ன செய்யும்? நாற்காலிகளுக்கு வேறு வேலை கிடைத்துத்தான் போகும்.

டவுன் ஹாலின் கதியும் வெகு காலம் பரிதாபமாகவே இருந்தது. பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்து சிதிலமடைந்த அந்த மண்டபத்தைச் செப்பனிடும் திருப்பணியைச் சென்னை மாநகராட்சி 2023-ல் தொடங்கியது. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் நமக்கு ஒரு கவலை உண்டு. சுண்ணாம்பையும் செங்கல்லையும் கொண்டு சுவரை மீட்கலாம். நாடகத்தை மீட்க முடியாது. ஒரு பழைய மண்டபத்தைப் பளபளவென்று ஆக்கி, கண்ணாடிப் பெட்டியில் பழைய கிரீடத்தை வைத்து, "இங்கே ஒரு காலத்தில் நாடகம் நடந்தது" என்று பலகை மாட்டி விட்டால், அது நினைவு மண்டபமாகும். நாடக மண்டபம் ஆகாது.

எனவே, வரப்போகும் நாடகங்களின் ஜாபிதா ஒன்றை நாமே தயாரித்திருக்கிறோம். முதலில் "அமலாதித்யன்". தந்தையின் ஆவி தமிழில் பேசுவதைக் கேட்ட தலைமுறை மறைந்து விட்டது. புதிய தலைமுறை கேட்கட்டும். இரண்டாவது "சபாபதி". 1941-ல் வந்த படத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள் பலர். அது மேடைக்கென்று எழுதப்பட்ட ஹாஸ்யம் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? மூன்றாவது "மனோகரன்". 1954-ல் ஸ்ரீ சிவாஜி கணேசன் சங்கிலியை அறுத்துக் கொண்டு நின்றது படத்தில். அந்தச் சங்கிலி முதன் முதலில் ஒலித்தது மேடையில். நான்காவது, இனிமேல் எழுதப்பட வேண்டிய ஒரு புது நாடகம். அதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். பதினெட்டு வயதில் சம்பந்தம் செய்தது பழையதைப் பாதுகாப்பது அல்ல. புதியதை எழுதத் துணிந்ததுதான்.

முதல் மூன்றுக்கும் செலவு அதிகமில்லை. சம்பந்த முதலியார் 1964-ல் காலமானார். அவருடைய நூல்கள் நாட்டுடைமை ஆகிவிட்டன. யாரும் எடுத்து நடிக்கலாம். ஆனால், நடிகர்களுக்கு ஒன்று வேண்டும்: ஒத்திகைக்கு இடம். இக்காலத்து நாடகக் குழுவினர் பகலில் ஆபீஸில் உழைத்து விட்டு, இரவில் யாருடைய வீட்டு மாடியிலோ ஒத்திகை பார்க்கிறார்கள். உண்மையான மேடையை நாடக தினத்தன்றுதான் முதலில் மிதிக்கிறார்கள். கதவு எந்தப் பக்கம், தூண் எந்தப் பக்கம், குரல் கடைசி வரிசைக்கு எட்டுமா என்பதெல்லாம் சபையோர் வந்து உட்கார்ந்த பிறகே தெரிகிறது. இதில் நாடகம் நன்றாக அமைந்தால் அது நடிகர்களின் திறமை. அமையாவிட்டால் அது நம் நகரத்தின் குற்றம்.

மண்டபத்தை நிர்வகிப்பவர்களுக்கு நமது விண்ணப்பம் இதுதான்: வருஷத்தில் ஒரு மாதமாவது, டிக்கெட்டும் மாலையும் பிரசங்கமும் இல்லாமல், ஒத்திகைக்கென்றே அந்த மேடையை இளம் நடிகர்களுக்குக் கொடுங்கள். விளக்கு இரண்டு போதும். பெஞ்சு நான்கு போதும். முன்பக்கத்தில் நாற்காலிகள் காலியாக இருந்தால் பாதகமில்லை. பின்பக்கம் காலியாக இருக்கக் கூடாது. பின்பக்கம் நிரம்பினால் முன்பக்கம் தானே நிரம்பும்.

நேயர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டுப் பிள்ளையோ பெண்ணோ நாடக ஒத்திகைக்குப் போய்விட்டு நேரங் கழித்து வந்தால், "கூத்தாடப் போனாயா?" என்று கேட்காதீர்கள். "எந்தக் காட்சி வரையில் ஆயிற்று?" என்று கேளுங்கள். தமிழ் நாடகத்துக்கு அதைவிடப் பெரிய நன்கொடை இல்லை.