முயலுக்குச் சோறு வேண்டாம்



முயல் வளர்ப்புப் பற்றி எழுதும்படி சிலர் கேட்டிருந்தீர்கள். எழுதலாம். ஆனால் முதலில் என்னுடைய பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

2016ஆம் ஆண்டு, நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. கண்டாவளைப் பக்கம் ஒரு அக்கா இருந்தார். 2009இல் எறிகணை விழுந்து இடது கை முழங்கைக்குக் கீழே இல்லை. கணவரும் அப்போதே போய்விட்டார். எட்டு வயது மகள் மட்டும்தான். மாட்டைக் கட்டி அவிழ்க்க ஒரு கை போதாது, முயல் சுகம் என்று வாழ்வாதாரப் படிவத்தில் எழுதியது நான்தான். ஒரு சோடி முயலும் கூடும் கொடுத்தோம். கையெழுத்து வாங்கினோம். படமும் எடுத்தோம். எப்படி வளர்ப்பது என்று ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சமூகவியல் படித்த எனக்கும் தெரியாது.

மூன்று கிழமை கழித்துப் போனபோது கூடு வெறுமையாக இருந்தது.

"தங்கச்சி, நான் பட்டினி போடேல்ல. சோறு, பாண் எல்லாம் குடுத்தனான். பிள்ளை தன்ர விசுக்கோத்தையும் குடுத்தவள்" என்று அந்த அக்கா அழுதார். பசி என்றால் என்னவென்று அறிந்த வீடு அது. தங்கள் பங்கில் நல்லதைத்தான் கொடுத்திருக்கிறார்கள். ஒன்று வயிறு ஊதி, புழுக்கை போடாமல் மூலையில் ஒடுங்கிச் செத்தது. மற்றது கழிச்சலில் போனது.

அதன்பிறகுதான் நான் கால்நடை வைத்தியரிடம் போயிருந்து கேட்டுப் படித்தேன்.

முயலின் குடலில் ஒரு பெரிய பை இருக்கிறது. அதற்குள் உள்ள நல்ல கிருமிகள் புல்லின் நாரைப் புளிக்கவைத்துச் சத்தாக்குகின்றன. சோறு, பாண், விசுக்கோத்து போன்ற மாப்பொருள் அதிகம் போனால் கெட்ட கிருமிகள் பெருகி வாயு பிடிக்கும். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. பல்லும் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லை அரைத்து அரைத்துத்தான் அது தேய வேண்டும். ஆகவே இரவும் பகலும் கூட்டில் புல் இருக்கட்டும். அறுகும் வளவில் முளைக்கும் மற்றப் புல்லும் போதும். மாரிக்கு உதவும்படி கோடையில் கொஞ்சம் காயவைத்து எடுத்துவையுங்கள். நனைந்து குவிந்து சூடேறிய புல் ஆகாது. முருங்கையிலை, முள்முருக்கங் குழை கொடுக்கலாம். இப்பில் இப்பில் ஆட்டுக்குப் போடுவதுபோலப் போட்டால் முயலுக்கு மயிர் கொட்டும். கோவா இலையை அள்ளிப் போட வேண்டாம். உருளைக்கிழங்கு முளை நஞ்சு. எந்தப் புதுத் தீனியும் முதலில் ஒரு பிடிதான். இரண்டு கிலோ முயலுக்கு நாளுக்கு ஒரு தேநீர்க் கோப்பை அளவு தண்ணீர் வேண்டும், வெயிலுக்கு இன்னும் கூட.

விடியப்புறம் முயல் தன் மெதுவான புழுக்கையைத் தானே வாய் வைத்துத் தின்னும். அருவருத்துத் துரத்தாதீர்கள். அதில் மிஞ்சிய சத்தை எடுக்கத்தான் தின்கிறது. ஆனால் அரை நாள் தீன் தொடாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் "நாளைக்குப் பாப்பம்" என்று விடாமல் உடனே வைத்தியரிடம் போங்கள்.

தூக்கும் முறைக்கு வருகிறேன். காதில் பிடித்துத் தூக்கக் கூடாது. ஒரு கை நெஞ்சின் கீழும் மற்றது பின்பக்கத்தின் கீழும் இருக்க வேண்டும். பின்கால் தொங்கினால் அது உதறும். அந்த உதறலிலேயே முதுகெலும்பு முறிந்துவிடும். சிறுபிள்ளைகள் நிலத்தில் இருந்துதான் மடியில் வைக்க வேண்டும்.

இதை அந்த அக்காவுக்குச் சொல்லும்போது "மற்றக் கை" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். எனக்கு நாக்கைக் கடிக்க வேண்டும்போல் இருந்தது. அவர் சிரித்தார்.

இரண்டாம் முறை உதவி இல்லை என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். பட்டியலில் இருந்த இன்னொரு அக்காதான் தன்னுடைய பெட்டைக்குட்டி ஒன்றைக் கொடுத்தார். ஒரு மாதம் கழித்துப் பார்க்கப் போனேன். கூட்டு வாசலில் ஒரு கடகத்தைச் சரித்துவைத்து, உள்ளே முருங்கையிலை போட்டிருந்தார். முயல் தானாக ஏறியது. கடகத்தை நிமிர்த்தி நெஞ்சோடு அணைத்து ஒரே கையால் தூக்கினார். எந்த வைத்தியரும் சொல்லித்தராத முறை அது. இரண்டு கையும் உள்ள பலருக்கு இப்போது அதையே நான் காட்டிக்கொடுக்கிறேன்.

கூட்டின் தகரத்துக்கு மேல் கிடுகும் போட்டிருந்தார். முயலுக்கு வியர்க்காது, சூட்டைக் காதால்தான் ஆற்றும். 30 பாகைக்கு மேல் அதற்கு அவதி. நண்பகலில் ஈரச்சாக்குத் தொங்கவிட்டால் நல்லது.

ஆறு மாதம் கடந்ததும் பெட்டையை அதே கடகத்தில், முயல் தந்த அக்கா வீட்டுக் கடுவனிடம் கொண்டுபோனார். கடுவனைப் பெட்டையின் கூட்டுக்குள் விட்டால் சண்டை வரும். 31ஆம் நாள் ஆறு குட்டிகள். தாய் கிட்டப் போகவில்லை என்று பயந்து எனக்குத் தொலைபேசி எடுத்தார். பயமில்லை. முயல் நாளுக்கு ஒருதரம் இரண்டுதரம்தான், அதுவும் சில நிமிடம்தான் பால் கொடுக்கும். குட்டியின் வயிறு உருண்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஆறு கிழமையில் நான்கை விற்றார். ஒன்றை முயல் தந்த அக்காவுக்குக் கொடுத்தார். கடைசிக் குட்டியை மகள் விடவில்லை. நான் போன அன்று அவள் நிலத்தில் சம்மணமிட்டு அதை மடியில் வைத்திருந்தாள். கையில் விசுக்கோத்து இருந்தது. குட்டி மூக்கை நீட்ட, "உனக்கு இது கூடாது" என்று சொல்லித் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.