பொட்டலத் தீனியை மறுக்கும் மீன்

தனித்தமிழ் இயக்கத்தை 1916இல் தொடங்கி, வேதாசலம் என்ற தம் பெயரையே மறைமலை என்று மாற்றிக்கொண்ட பெரியவரின் பெயரைத் தாங்கி நிற்கும் எங்கள் ஊரில், வீட்டுக்கூடங்களை அலங்கரிக்கும் கண்ணாடித் தொட்டிகளை எட்டிப் பார்த்தால், சீனத்துப் பொன்மீனும் தென்னமெரிக்கக் கப்பியும் சயாம் தேசத்துச் சண்டை மீனும் நீந்துகின்றனவே தவிர, தெருக்கோடியிலிருக்கும் ஏரியின் கெண்டைக்கு அங்கே இடமில்லை என்பது சற்று விநோதமான காட்சிதான். வடசொல் கலவாமல் ஒரு வாக்கியம் எழுதத் தெரியாத நான் இதைச் சொல்லலாமா என்று வாசகர் கேட்டால், குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்.

ஐப்பசி மழையில் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியும் நாட்களில், ஒரகடத்துத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் இளைஞர் சிலர், எதிர்நீச்சலிட்டு ஏறும் சிறுமீன்களைத் தொட்டியில் வளர்க்கத் துண்டில் அள்ளிக்கொண்டு வருவதை நான் பார்த்திருக்கிறேன். மீன்பாசி குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, ஏராளமாகத் திரியும் இனங்களில் நாலைந்தை மட்டும் எடுத்து வருவதானால், கடைமீன் வாங்குவதைக் காட்டிலும் இது உயர்ந்த பழக்கம் என்பதே என் அபிப்பிராயம். ஏனெனில், பிடித்த மீனுக்கு ஆகாரம் போடுவது அத்தனை சுலபமன்று. அந்தப் பிரயாசையே மனிதனை மறுபடியும் ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்கிறது.

சென்னைக் கொளத்தூர்க் கடைகளில் விற்கும் பண்ணை மீன், குஞ்சுப் பருவம் முதல் பொட்டலத் தீனி தின்று வளர்ந்தது. ஏரிமீனோ, நீர்ப்பரப்பில் மிதக்கும் அந்தச் செந்நிற உருண்டையை ஆகாரமென்றே அறியாது. மூன்று நாள் அது வாய் திறவாமல் கிடக்கவே, வளர்ப்பவர் பதறி மேலும் ஒரு பிடி போடுகிறார். தின்னாத தீனி அழுகி அமோனியா பெருகுகிறது. அந்த விஷத்தை மாற்றவல்ல நுண்ணுயிர்கள் புதுத் தொட்டியில் நிலைகொள்ள நாலைந்து வாரமாவது ஆகுமாதலால், பட்டினியால் சாகாத மீன் உபசாரத்தால் சாகிறது. கொசுப்புழுவையோ நறுக்கிய மண்புழுவையோ போட்டால் அதே மீன் பாய்ந்து கவ்வும். பிறகுதான் சிறிது சிறிதாக உருண்டைக்குப் பழக்க வேண்டும். மூடியும் அவசியம்: தரங்கம்பாடியில் 1791ஆம் ஆண்டு பனையேறிக் கெண்டை ஒன்று பனைமரத்தில் ஏறக் கண்டதாக டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி எழுதிவைத்ததை நம்பாதவர்களும், தொட்டியை விட்டுத் தாவிய மீன் விடியற்காலையில் கூடத்தில் ஊர்ந்துகொண்டிருப்பதைப் பார்த்தால் பாதியாவது நம்புவார்கள்.

எனக்குப் பிரியமானது வேறொன்று. புதுச்சேரி அரியாங்குப்பத்து ஆற்றில் கிடைத்த சிறுமீன் ஒன்றை 1831இல் விவரித்த பிரெஞ்சு விலங்கியலாளர் க்யூவியே, அவ்வூர்ப் பெயரின் வாலைப் பிடித்து அதற்குக் 'குபானஸ்' என்று நாமகரணம் செய்தார். விரல் நீளம்தான், வாய்க்காலிலும் வயலிலும் வாசம், காற்றை நேரே சுவாசிக்கும் உறுப்பு உண்டாதலால் மோட்டார் வேண்டாம், நம் வெயிலுக்கென்றே பிறந்ததாதலால் ஹீட்டரும் வேண்டாம், ஆண்மீன் நீர்ப்பரப்பில் குமிழிகளால் கூடு கட்டி முட்டைகளைக் காவல் காக்கும். கொசுவை ஒழிக்கவென்று 1928இல் இத்தாலியிலிருந்து கம்பூசியா மீனை வரவழைத்தவர்கள், வாய்க்காலிலேயே இருந்த இந்தக் கொசுப்புழுத் தின்னியை ஒருமுறை ஏறெடுத்துப் பார்த்திருக்கலாம்.

ஆனால் அரிய இனங்களின் மீது கை வைக்கலாகாது. 1865இல் பிரான்சிஸ் டே விவரித்து, அந்நாளைய சென்னை கவர்னர் டெனிசனின் பெயரைச் சூட்டிய 'மிஸ் கேரளா' மீன், மலையோடைகளிலிருந்து உலகத்துத் தொட்டிகளுக்காக அள்ளப்பட்டு அருகிப்போன இனமாயிற்று. அதைப் பண்ணையில் இனப்பெருக்கம் செய்யும் வித்தை பிற்பாடுதான் கைவந்தது. நம் வாய்க்கால் மீன்களுக்கு அந்த வித்தையை மீன்வளத் துறையும் கொளத்தூர் வியாபாரிகளும் காலத்தோடு தொடங்கலாமே. கடைமீனோடு ஒரே தொட்டியில் வாழ்ந்த ஏரிமீனை இரக்கப்பட்டு ஏரியில் திரும்ப விடுவதும் தகாது. கூடவே நோயும் போகும். தொட்டியின் பாசியைத் தின்னவென்று வாங்கிய சக்கர் மீன், அலுத்தவர்கள் கொண்டுபோய் விட்டதனாலன்றோ சென்னையைச் சுற்றியுள்ள நீர்நிலைகளில் குடியேறிற்று!

மீனுக்குப் போடும் கொசுப்புழுவுக்காக வீட்டில் வாளித் தண்ணீரைத் திறந்து வைத்தால் டெங்குவை வரவேற்றதாகும். எனக்குத் தெரிந்த ஒருவர், அண்டை வீட்டுப் பூந்தொட்டிகளின் அடித்தட்டுகளில் தேங்கிய நீரை வாரந்தோறும் கேட்டு வாங்கி, தேநீர் வடிகட்டியில் வடித்துக்கொண்டு போகிறார். முதலில் ஐயத்தோடு பார்த்த அந்த வீட்டம்மாள், இப்போதெல்லாம் மீன் சௌக்கியமா என்று விசாரிக்கிறார்.