எத்தனை கிறே போதும்?

மருந்தை இரட்டிப்பாகக் குடித்தால் நோயும் இரட்டிப்பு விரைவில் ஓடிவிடும் என்று எண்ணுவார் நம்மிடையே பலர். கதிர்ச் சிகிச்சை பற்றியும் இவ்வெண்ணமே நிலவுகின்றது. புரொஸ்ரேற் சுரப்பியிற் புற்றுநோய் கண்டு, அதனைச் சத்திரசிகிச்சையால் அகற்றிக்கொண்ட பெரியவர்கள், "கதிரும் வேண்டுமா? வேண்டுமெனில் கூடிய அளவாகவே தந்துவிடலாகாதா?" என வினவுகின்றனர். குடும்பத்தாரின் உறக்கத்தையும் கெடுக்கும் வினா இது. ஆதலின் இவ்வாரம் அதனை ஆராய்வோம்.

கதிரளவை 'கிறே' என்னும் அலகாற் கூறுவர். ஆங்கிலப் பௌதிக அறிஞர் லூயி ஹரோல்ட் கிறே (1905–1965) என்பாரின் பெயரை 1975 இல் இவ்வலகுக்கு இட்டனர். ஒரு கிலோகிராம் உடற்பொருள் ஒரு யூல் சக்தியை ஏற்பின் அது ஒரு கிறே. 66 கிறேயும் வெப்பமாக மாறினாலும், நீரை ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குகூடச் சூடாக்காது. எனினும் அச்சிறு சக்தியே கலத்தினுள்ளிருக்கும் டி.என்.ஏ. இழையை அறுத்துவிடும். சூட்டினாலன்று, இழை அறுபடுவதனாலேயே புற்றுக்கலம் மாள்கின்றது.

நற்கலங்களின் இழையும் அறுபடுமன்றோ? அறுபடும், ஆயின் அவை ஓரிரவு ஓய்விற் பெரும்பாலும் தம்மைச் செப்பனிட்டுக்கொள்ளும். புற்றுக்கலங்களுக்கு அவ்வாற்றல் குறைவு. இதுபற்றியே 66 கிறேயை ஒருங்கே தராமல், நாளுக்கு 2 கிறேயாக, வாரம் ஐந்து நாள், 33 தடவைகளிற் பகுத்துத் தருதல் நெடுநாள் வழக்கம். இடையிற் பல நாள் தவறவிடுவது அக்கணக்கையே குலைத்துவிடும். சுரப்பி இருந்த இடத்துக்கு மேலே சிறுநீர்ப்பை, பின்னே மலக்குடல். கூட்டும் ஒவ்வொரு கிறேயும் இவ்விரண்டையும் தொடாமற் போகாது.

சுவிற்சலாந்து, ஜேர்மனி, பெல்ஜியம் ஆகிய நாடுகளில் 350 நோயாளரை இரு கூறாக்கி, ஒரு சாரார்க்கு 64 கிறேயும் மறுசாரார்க்கு 70 கிறேயும் தந்து பார்த்தனர். 2021 இல் முடிவு வெளிவந்தது. ஆறாண்டு கழித்து நோய் மீண்டும் தலைகாட்டாதிருந்தோர் முதற்சாராரில் நூற்றுக்கு 62, மற்றையோரில் 61. நன்மை கூடவில்லை, குடலுபாதையே கூடியது. படத்திற் கட்டியாகவே தென்படுமிடத்துக்கு மருத்துவர் கூட்டித் தருவதுண்டு. அது வேறு கதை.

அளவைப்போலவே காலமும் முக்கியம். சத்திரசிகிச்சை முடிந்தவுடனே எல்லார்க்கும் கதிர் தரவேண்டுமா? இங்கிலாந்து, டென்மார்க், கனடா, அயர்லாந்து ஆகிய நாடுகளில் 1,396 பேரிடம் நடந்த ஆய்வு 2020 இல் விடை தந்தது. உடனே கதிர் பெற்றோரும், பி.எஸ்.ஏ. உயர்ந்தபின் பெற்றோரும் நோயடக்கத்தில் ஏறத்தாழ ஒருநிகராகவே இருந்தனர். காத்திருந்தோரில் மூன்றிலொரு பங்கினர்க்கே கதிர் தேவைப்பட்டது. ஏனையோர் சிறுநீர்த் தொல்லையினின்றும் தப்பினர்.

ஆயினும் காத்திருத்தல் வேறு, மறந்திருத்தல் வேறு. இவ்வாறு காத்திருப்பது இரத்தப் பரிசோதனையைத் தவணை தவறாது செய்வோர்க்கே பொருந்தும். ஒரு மில்லிலீற்றரில் 0.2 நனோகிராமை எட்டி, மறு பரிசோதனையிலும் அதுவே உறுதிப்படின் நோய் மீள்வதாகக் கொள்வர். 0.5 ஐத் தாண்டுமுன் கதிர் தொடங்குவது நன்று. "உடம்பில் ஒன்றும் இல்லையே" என்று தந்தையார் தவணையைத் தள்ளிப்போடுவாராயின், மக்கள் அதற்கு இசைதல் கூடாது. நோவு தோன்றும்வரை பார்த்திருப்பது காலங்கடந்த காவல்.

ஆகவே மருத்துவரிடம், "இன்னும் கூட்டித் தாருங்கள்" என வேண்டாதீர்கள். "எத்தனை கிறே, எத்தனை நாள், எப்போது தொடங்குவது, ஏன்?" என்று கேளுங்கள். விடையை ஒரு தாளிற் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த பரிசோதனைத் தேதியை வீட்டு நாட்காட்டியில் எல்லார் கண்ணிலும் படும்படி எழுதிவையுங்கள்.