கார் இருக்கையின் கறையும் மனத்தின் தயக்கமும்



மீமிசல், கோட்டைப்பட்டினம், மணமேல்குடி என நம் மாவட்டத்தின் கடலோர ஊர்கள் வழியே கிழக்குக் கடற்கரைச் சாலை செல்கிறது. அயல்நாட்டு உழைப்பின் பயனாக இவ்வூர்களில் பல வீடுகளின் வாசலில் இன்று கார் நிற்கிறது. அதன் துணி இருக்கைகளில் கறை படாமல் பேணுவது நன்றே. ஆயினும், சாலையில் அடிபட்டு இரத்தம் வழியக் கிடக்கும் ஒருவரைக் கண்டு, "சீட் வீணாகிவிடுமே, நஜீஸ் ஆகிவிடுமே" என வண்டியை நிறுத்தாமல் செல்வோமாயின், அது பேணுதல் ஆகாது.

கறை வேறு, நஜீஸ் வேறு என்பதை மார்க்கம் தெளிவாகப் பிரித்துக் காட்டியுள்ளது. ஆடையில் பட்ட இரத்தத்தின் அடையாளம் கழுவியும் போகாவிட்டால் என்ன செய்வது என்று கவ்லா பின்த் யசார் (ரலி) அவர்கள் வினவினார்கள். நீரால் கழுவுவதே போதும், எஞ்சிய அடையாளத்தால் குற்றமில்லை என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் விடையளித்த செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. கடலோர ஊர்களில் பரவலாக உள்ள ஷாஃபிஈ மத்ஹபிலும், ராவுத்தர்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபிலும், இரத்தத்தை நீக்கிக் கழுவிய பின் அகற்ற இயலாது எஞ்சும் நிறம் மன்னிக்கப்பட்டதே. மாறாக, ஷாஃபிஈ மத்ஹபின்படி, நுரையைத் தேய்த்துத் துடைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றாமல் விட்ட இருக்கை, பளபளத்தாலும் தூய்மையானதாகாது.

கழுவும் முறையும் எளியதே. இரத்தக் கறைக்கு வெந்நீர் ஆகாது. வெப்பம் இரத்தத்திலுள்ள புரதத்தைத் துணியோடு இறுகச் செய்துவிடும். குளிர்ந்த நீரில் நனைத்த வெள்ளைப் பருத்தித் துணியால், ஓரத்திலிருந்து நடுப்பகுதி நோக்கி ஒற்றி எடுக்க வேண்டும். தேய்த்தால் கறை பரவும். பின்னர் மென்மையான சோப்பு நீரால் ஒற்றி, இறுதியில் அவ்விடத்தில் தூய நீரை ஊற்ற வேண்டும். உள்ளிருக்கும் பஞ்சு நீரை உறிஞ்சுவதால், உலர்ந்த துண்டால் அழுத்தி எடுத்து, கதவுகளைத் திறந்து வைத்து முற்றிலும் உலர விடுக. இல்லையேல் பூஞ்சை வாடை பிடிக்கும். ஒரு மணி நேர வேலையும் சிறிது நீரும் போதும். போன உயிரை எந்த நீரும் மீட்டுத் தராது.

காவல்நிலைய அலைச்சலை அஞ்சுவோரும் உளர். 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், நல்லெண்ணத்துடன் உதவுவோருக்கு 134ஏ பிரிவின்கீழ்ப் பாதுகாப்பு அளிக்கிறது. முதலில் 108க்கு அழையுங்கள். முதுகெலும்பு முறிந்திருக்கக்கூடும் என்பதால் அடிபட்டவரை அவசரப்பட்டுத் தூக்காதீர்கள். ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும் நிலையில், அவர்கள் கூறும் வழியில் கவனமாக ஏற்றி அருகிலுள்ள மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

ஓர் உயிரைக் காப்பது மனிதகுலம் முழுவதையும் காப்பதற்கு ஒப்பானது என அல்மாயிதா அத்தியாயத்தின் 32ஆம் வசனம் போதிக்கிறது. அந்த நன்மையைச் சுமந்த இருக்கையில் மங்கலாக ஓர் அடையாளம் எஞ்சியிருப்பின், அதை மறைக்க உறை தேட வேண்டியதில்லை. நம் வாகனங்களைப் பிறருக்குப் பயன்படும் அருட்கொடைகளாக அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.